ஒப்பந்த வேன் விபத்து: பள்ளி நிர்வாகம் பொறுப்பாகுமா?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காக ஒரு குறிப்பு தயாராகிறது. சூழ்நிலை இதுதான். தனியார் பள்ளி ஒன்று வெளியாளிடம் வேன் எடுத்து ஓட்டுகிறது. ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுப்பவர் வேன்காரர். பள்ளிக்கும் அவருக்கும் உள்ள ஒப்பந்தத்தில் "விபத்துக்குப் பள்ளி பொறுப்பல்ல" என்று ஒரு வரி இருக்கிறது. சேர்க்கையின்போது பெற்றோரிடமும் அதே வாசகத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பள்ளி வளாகத்துக்குள் வேனைப் பின்னால் எடுக்கும்போது ஒரு குழந்தைக்கு அடிபட்டால், நீதிமன்றம் எதைப் பார்த்து யார் பொறுப்பு என்று முடிவு செய்யும்? பள்ளியையும் வழக்கில் சேர்க்கலாமா? என்னென்ன ஆவணங்களை முதலில் பிடிக்க வேண்டும்?

பழைய_கட்டு எழுதியது:

சேர்க்கலாம், சேர்த்தே ஆக வேண்டும். சம்பளம் யார் கொடுத்தார் என்பது ஒரு தடயம் மட்டும்தான். ஓட்டுநர் அந்த நேரத்தில் யாருடைய வேலையை, யாருடைய கட்டளைப்படி செய்துகொண்டிருந்தார் என்பதைத்தான் நீதிமன்றம் துருவிப் பார்க்கும்.

இதற்கு மிக நெருக்கமான தீர்ப்பு, 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கு. பேருந்து தனியாருடையது, ஓட்டுநரும் தனியார் ஆள். கழகம் அந்தப் பேருந்தை வாடகைக்கு எடுத்துத் தன் தடத்தில் ஓட்டியது. ஓட்டுநர் கழகத்தின் கட்டளைப்படி நடக்க வேண்டும் என்று ஒப்பந்தமே சொன்னது. "அவர் எங்கள் ஊழியர் அல்ல" என்ற கழகத்தின் வாதம் எடுபடவில்லை. வண்டி யார் கட்டுப்பாட்டில் ஓடியதோ அவரே பொறுப்பு என்று தீர்ப்பானது. வேன் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வர வேண்டும், யாரை ஏற்ற வேண்டும், எந்த வாசலில் இறக்க வேண்டும் என்று பள்ளி சொல்கிறதா? அப்படியானால் கட்டுப்பாடு பள்ளியிடம் இருக்கிறது என்று வாதிட வலுவான அடிப்படை உண்டு.

கட்டுப்பாடு மட்டுமே அளவுகோல் என்ற நிலையும் பழையது. 1956-ல் திராங்கத்ரா உப்பள வழக்கில், வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே முக்கியமாகக் கருதப்பட்டது. 1973-ல் சில்வர் ஜூபிலி தையல் நிறுவன வழக்கில், கட்டுப்பாட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய தையல்காரர்களும் ஊழியர்களே என்று தீர்ப்பானது. இரண்டும் தொழிலாளர் சட்ட வழக்குகள். ஆனாலும் யார் ஊழியர் என்ற கேள்வி எழும் இடமெல்லாம் இவற்றை மேற்கோள் காட்டுவார்கள்.

அந்த ஒப்பந்த வரி பள்ளியையும் வேன்காரரையும் மட்டுமே கட்டும். அடிபட்ட குழந்தை அதில் கையெழுத்துப் போடவில்லை. பணம் கட்டிய பிறகு பள்ளி அந்த வரியைக் காட்டி வேன்காரரிடம் வசூலிக்கப் பார்க்கலாம், அது அவர்களுக்குள் உள்ள கணக்கு. பெற்றோர் கையெழுத்தும் வேனில் அனுப்பச் சம்மதித்தார்கள் என்பதைத்தான் காட்டும், அஜாக்கிரதைக்குச் சம்மதித்தார்கள் என்று காட்டாது.

மூன்றாம்_பெஞ்ச் எழுதியது:

மேலே சொன்னது ஒரு வழி, அதாவது ஊழியர் செய்த தவறுக்கு முதலாளி பதில் சொல்வது. வக்கீல்கள் விகேரியஸ் லயபிலிட்டி என்பார்கள். இன்னொரு வழியும் இருக்கிறது, மனுக்களில் பலமுறை அதை விட்டுவிடுகிறார்கள். பள்ளியே செய்த தவறு. பிள்ளைகள் நடக்கும் இடத்தில் வேனைப் பின்னெடுக்க விட்டது, இறங்கும் இடத்தில் ஆள் நிறுத்தாதது, உதவியாளர் இல்லாத வண்டியை ஏற்றுக்கொண்டது எல்லாம் நிர்வாகத்தின் சொந்தக் குறை. தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்றே 2012-ல் தனி விதிகள் வந்தன. வண்டியில் உதவியாளர் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மனுவில் இரண்டு வழிகளையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

பள்ளி தொடர்பாக முக்கியமான தீர்ப்பு 2001-ல் வந்தது. பஞ்சாபில் டல்ஹௌசி பப்ளிக் ஸ்கூல் மாணவர்களை 1995 மே மாதம் பியாஸ் நதிக்கரைக்குச் சுற்றுலா அழைத்துப்போனபோது 14 பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். ஆசிரியர்களின் கவனக்குறைவு அவர்கள் பள்ளி வேலையில் இருந்தபோது நடந்தது, எனவே நிர்வாகமும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்பம் ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவும் உறுதியானது. பிள்ளையை ஒப்படைத்த பெற்றோருக்கு நிர்வாகத்தைத் தவிர வேறு யாரைத் தெரியும்?

2004-ல் ஒரு மருத்துவமனை வழக்கிலும் இதே நியாயம்தான். சிகிச்சை தந்த மருத்துவர்களைத் தனித்தனியாகச் சேர்க்கவில்லை என்பதற்காக மட்டும் புகாரைத் தள்ள முடியாது, கவனமாக நடந்ததை மருத்துவமனைதான் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். மருத்துவர் நிரந்தர ஊழியரா, அழைத்து வரப்பட்டவரா என்பதும் நோயாளிக்கு எதிராக நிற்கவில்லை.

வைகைக்கரை:

மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி. ஓட்டுநர் தடத்தை விட்டு விலகிச் சொந்த வேலைக்குப் போயிருந்தால்? அல்லது பள்ளி எழுத்தில் தடுத்த ஒன்றைச் செய்திருந்தால்?

பழைய_கட்டு:

தடை விதித்தேன் என்பது மட்டும் காப்பாற்றாது. 1862-ல் லண்டனில் ஒரு குதிரை பஸ் ஓட்டுநர் போட்டி கம்பெனி பஸ்ஸை மறித்து விபத்து செய்தார். மற்ற பஸ்களோடு போட்டி போடாதே என்று கம்பெனி அச்சடித்த அட்டையே கொடுத்திருந்தது. ஆனாலும் கம்பெனி பொறுப்பானது, காரணம் அவர் பஸ் ஓட்டும் வேலையைத்தான் தவறாகச் செய்தார். 1900-ல் அதே கம்பெனியின் நடத்துநர் பஸ்ஸை எடுத்து ஓட்டி விபத்து செய்தபோது கம்பெனி தப்பியது. ஓட்டுவது அவருக்குக் கொடுத்த வேலையே இல்லை.

நம் நாட்டில் 1966 டாக்சி வழக்கு அந்த இரண்டாவது வகை. ஓட்டுநர் வண்டியைக் கிளீனரிடம் லைசென்ஸ் தேர்வுக்காகக் கொடுத்தார், அப்போது விபத்து. டாக்சி ஓட்டும் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று உரிமையாளர் விடுவிக்கப்பட்டார். 1978 ஸ்டேட் பாங்க் வழக்கிலும் இதே கோடு. வாடிக்கையாளரான ஒரு பெண்ணின் கணவருக்கு நண்பரான வங்கி ஊழியரிடம் கணக்கில் கட்டச் சொல்லிப் பணம் தரப்பட்டது, அவர் பாஸ்புக்கில் பொய்ப் பதிவு போட்டு ஏமாற்றினார். நண்பர் என்ற முறையில் வாங்கியதற்கு வங்கி பொறுப்பல்ல. கவுன்ட்டரில் கட்டியிருந்தால் கதை வேறு.

ஆகவே சிறிய விலகலா, வேலையையே விட்டுவிட்ட பயணமா என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் வண்டிக்குள் இருக்கும்போது டீக்கடைப் பக்கம் திருப்பினார் என்றால் பள்ளி தப்புவது கடினம். ஞாயிற்றுக்கிழமை உறவினர் திருமணத்துக்கு எடுத்துப்போனார் என்றால் பள்ளியைப் பிடிப்பது கடினம்.

கோர்ட்_வாசல் எழுதியது:

ஆவணங்கள் பற்றி. வழக்குகள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, இங்கேதான்.

முதலில் சிசிடிவி. பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறி அழிந்துவிடும். விபத்து நடந்த சில நாட்களுக்குள், தேதியும் நேரமும் கேமரா இருக்கும் இடமும் குறிப்பிட்டு, அழிக்காமல் வைக்கும்படி பள்ளிக்குப் பதிவுத்தபாலில் எழுதுங்கள், காவல் நிலையத்துக்கும் நகல் கொடுங்கள். பின்னால் அதைச் சான்றாக்க, மின்னணுப் பதிவுகளுக்காக பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் பென்டிரைவை மட்டும் நீட்டினால் எதிர்த்தரப்பு அங்கேயே மறிக்கும்.

அடுத்தது கட்டுப்பாட்டைக் காட்டும் காகிதங்கள்: பள்ளி பெயரில் வேன் கட்டண ரசீது, தடப் பட்டியல், வாட்ஸ்அப் குழுவில் பள்ளி அனுப்பிய நேர மாற்றங்கள், வேனில் பள்ளிப் பெயர் எழுதிய படம். கட்டணம் நேராக வேன்காரர் கணக்குக்குப் போயிருந்தால் பள்ளிக்கு நல்ல வாதம் கிடைத்துவிடும், அதை முன்கூட்டியே கவனியுங்கள். ஒப்பந்தம் பள்ளியிடம்தான் இருக்கும். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கு ஆவணங்களை வரவழைக்க சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு, மனுப் போட்டுக் கேட்டு வாங்குங்கள்.

எதிர்மனுதாரர்களாக ஓட்டுநர், ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) பெயர் உள்ளவர், இன்ஷூரன்ஸ் கம்பெனி, பள்ளி நிர்வாகம் நால்வரையும் சேருங்கள். வண்டி கைமாறியும் ஆர்.சி. மாறவில்லை என்றால், பழைய பெயர்க்காரரே சட்டப்படி உரிமையாளர் என்பது 2018 தீர்ப்பு.

இந்தச் சூழ்நிலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. விபத்து வளாகத்துக்குள் நடந்தது. "பொது இடம்" அல்ல என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி வாதிடும், ஏனென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தில் கட்டாயக் காப்பீடு பற்றிய 147-ஆம் பிரிவில் அந்தச் சொல் இருக்கிறது. இழப்பீட்டு மனுப் போடும் 166-ஆம் பிரிவில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. கம்பெனி நழுவினாலும் உரிமையாளரும் பள்ளியும் எதிரே இருப்பார்கள். பள்ளியைச் சேர்க்க இது ஒன்றே போதுமான காரணம்.

காலவரம்பு: 2022 ஏப்ரல் 1 முதல் 166(3) படி விபத்து நாளிலிருந்து 6 மாதம். மருத்துவ ரசீதுகள் முழுதாக வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனுவைப் போட்டுவிட்டு ஊனச் சான்றிதழைப் பின்னால் தாக்கல் செய்யலாம்.