தெர்மல் பேஸ்ட்: பசையா, களிம்பா, குழைமமா?

குழுவினருக்கு வணக்கம்.

கணினிச் செயலியின் (CPU) சூட்டைத் தணிக்கும் சத்தமில்லாத கூலரைப் பொருத்தும் கையேட்டுக்கு மற்ற தமிழ்ச் சொற்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. செயலி, விசிறி, அடித்தட்டு எதிலும் சண்டை இல்லை. செயலிக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் மட்டும் இழுக்கிறது.

> வெப்பப் பசை என்றே வைக்கலாமே. பற்பசை என்கிறோம், அது பல்லையா ஒட்டுகிறது?

நல்ல கேள்வி, சிரித்துவிட்டேன். ஆனால் பல் துலக்கும் இடத்தில் ஒட்டுகிற பசைக்கு வேலை இல்லை, அதனால் குழப்பமும் இல்லை. இங்கே அப்படியல்ல. வெப்பத்தைக் கடத்திக்கொண்டே நிரந்தரமாக ஒட்டியும் பிடிக்கிற பொருள் தனியாகவே விற்கிறது. திருகு போட வழியில்லாத சின்னச் சில்லுகளின் மேல் உலோகத் துடுப்புகளை ஒட்ட அதுதான் பயன்படும். அதைச் செயலியில் தடவிவிட்டால் பிறகு கூலரைக் கழற்றுவது பெரும்பாடு. செயலியே போனாலும் போகலாம். வெப்பப் பசை என்ற பெயர் அதற்கே உரியது.

நாம் பேசும் பேஸ்டின் வேலை ஒட்டுவதல்ல, நிரப்புவது. செயலியின் மூடியும் கூலரின் அடித்தட்டும் எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று தங்கும். செம்பு வெப்பம் கடத்துவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் காற்று கடத்தாது. பேஸ்ட் காற்றைவிட எவ்வளவோ மேல், ஆனால் செம்புக்குக் கிட்டத்தில்கூட வராது. ஆகவே இடைவெளியை நிரப்பும் அளவுக்குத்தான் அது வேண்டும். கூலரைப் பிடித்து அழுத்துவது திருகுகள்.

'பசை' என்று படிப்பவர் அப்பிவிட்டு, திருகை அரைகுறையாக முடுக்கினால்? செயலி சூடேறும், விசிறி வேகமெடுக்கும். விசிறியின் வேகம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும். சத்தமில்லாத கூலர் வாங்கியே பயனில்லை.

> அப்படியானால் வெப்பக் களிம்பு?

தடவுவது என்ற பொருள் அழகாக வருகிறது. எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் செம்பில் படியும் பச்சைக்கும் களிம்பு என்றுதான் பெயர். கூலரின் அடித்தட்டோ பெரும்பாலும் செம்பு! 'பழைய களிம்பைத் துடைத்தெடுக்கவும்' என்று எழுதினால் எதைத் துடைப்பது?

என் பரிந்துரை வெப்பக் குழைமம். குழைவான பொருள், கூழ்மம் போன்ற அமைப்பு. புதிதாக ஒலிக்கும், ஒப்புக்கொள்கிறேன். வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: 'செயலியின் நடுவில் பட்டாணி அளவு குழைமம் இட்டு, கூலரை வைத்து, திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கவும்.' இடறவில்லை என்றே நினைக்கிறேன். பேச்சில் பேஸ்ட் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

அப்புறம், சோதனைப் பகுதியில் 'டெல்டா டி'க்கு 'வெப்பநிலை ஏற்றம்' போதும். செயலி 70 டிகிரி, அறை 30 டிகிரி என்றால் ஏற்றம் 40. இந்த எண்ணையும், அது எந்த விசிறி வேகத்தில் எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இரண்டு கூலர்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. கையேட்டில் அந்த வரி விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிடுகிறேன்.

கூலரின் அடித்தட்டிலிருந்து துடுப்புகளுக்கு வெப்பத்தைக் கொண்டுபோகும் ஹீட் பைப்புக்குச் சொல் இன்னும் பாக்கி. 'வெப்பக் குழாய்' என்றால் வெந்நீர் ஓடும் குழாய் மாதிரி இருக்கிறது. உள்ளே கொஞ்சம் திரவம் ஒரு முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து, திரி போன்ற உட்சுவர் வழியே திரும்பி வருகிறது. இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?