புதுப்பிப்பு: 500 மீட்டரில் மேலும் கீழுமாகச் சிதறிய தோட்டாக்கள்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: நானே நிரப்பும் ரைஃபிள் தோட்டாக்கள் 100 மீட்டரில் ஒன்றாக விழுகின்றன, 500 மீட்டரில் மட்டும் ஏன் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன என்று. காரணம் கிடைத்துவிட்டது.

வெடிமருந்தின் எடையில் பிசகு இல்லை. தராசில் எல்லாமே 0.1 கிரெயின் (சுமார் 6.5 மில்லிகிராம்) வித்தியாசத்துக்குள் இருந்தன. பிரச்சினை பித்தளைக் கூட்டின் கழுத்தில், அதாவது குண்டைப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பகுதியில். சுட்டுச் சுட்டு, மறுபடி அளவுக்கு இறுக்க இறுக்க, பித்தளை கெட்டிப்பட்டுவிடும். நான் 3 முறை சுட்டதையும் 8 முறை சுட்டதையும் ஒரே டப்பாவில் கலந்து வைத்திருந்தேன். குண்டை அழுத்தும்போது சில வழுக்கிக்கொண்டு இறங்கின, சில முரண்டு பிடித்தன. கையில் தெரிந்தும் கவனிக்காமல் விட்டேன். கழுத்தின் பிடி மாறினால் வேகம் மாறும்; தூரம் கூடக் கூட அது உயர வித்தியாசமாக வெளிப்படும்.

சரி, என்ன செய்தேன்? கூடுகளைச் சுட்ட எண்ணிக்கைப்படி பிரித்து, கெட்டிப்பட்ட பித்தளை மறுபடி இளகும்படி கழுத்தை மட்டும் சூடாக்கிப் பதப்படுத்தினேன். அடிப்பகுதி இளகிவிட்டால் பெரிய ஆபத்து, அங்கே சூடு ஏறவே கூடாது. வேகமானியில் 20 தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தேன்: வேக வித்தியாசம் பாதியாகிவிட்டது. உயரச் சிதறல் 25 செ.மீ.யிலிருந்து 15 செ.மீ.க்கு வந்திருக்கிறது. மருந்தின் அளவைத் தொடவே இல்லை.

கழுத்தைப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி.