சயாமுக்குப் போனவர்களைப் புத்தகத்தில் தேடுவது: பலரின் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பகுதியும் ஒருவர் எழுதியது)

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படை சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே வரிதான் மிஞ்சியிருக்கும்: "சயாமுக்குப் போனார், வரவில்லை." அந்த வரியோடு இந்தப் பாதையைப் பற்றிய புத்தகங்களைத் திறப்பவர்கள் முதலில் காலவரிசையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பர் 8 கோத்தா பாருவில் ஜப்பான் படை இறங்கியது. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் வீழ்ந்தது. தோட்டத் தமிழர்களைப் பெருங்கூட்டமாக ரயிலேற்றியது 1943இல். 1943 அக்டோபர் 17 கொன்கொய்டா என்ற இடத்தில், சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போட்டுவந்த தண்டவாளங்கள் சேர்ந்தன.

அடுத்தது கிலோமீட்டர். பாதையின் நீளம் 415 கி.மீ. சயாம் பக்கம் நோங் பிளாடுக்கிலிருந்தும், பர்மா பக்கம் தன்பியூசயாத்திலிருந்தும் தனித்தனியாக அளந்தார்கள். பர்மா பக்க முகாம்களுக்குத் தூரமே பெயர்: '55 கிலோ', '105 கிலோ' என்று. சயாம் பக்கத்தைப் பற்றிய நூல்களோ ஊர்ப் பெயர் சொல்லும். ஒரு நூலின் '105 கிலோ' இன்னொன்றின் வரைபடத்தில் 310ஆவது கி.மீ. ஆகிவிடும். 415இலிருந்து கழித்துப் பார்க்காமல் படித்தால் ஒரே முகாமை இரண்டு என்று எடுத்துக்கொள்வோம். வரைபடத்தை நகலெடுத்து இரண்டு எண்களையும் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

———

மேலே எழுதிய அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் நூல்களில் பெரும்பகுதி வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் எழுதியவை. சுமார் 60,000 கைதிகளில் 12,000க்கும் மேல் மாண்டார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு, கல்லறை உண்டு. ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் பல மடங்கு. அவர்களின் சாவுக்கு மதிப்பீடு மட்டுமே இருக்கிறது, அதுவும் நூலுக்கு நூல் மாறும். தாய்லாந்தின் கஞ்சனபுரிப் போர்க் கல்லறைப் பட்டியலில் தாத்தாவின் பெயரைத் தேடி ஏமாந்துபோகாதீர்கள். அது படைவீரர்களுக்கான பட்டியல்.

அதற்காக அந்த நூல்களை ஒதுக்கவும் கூடாது. கடைசிப் பக்கங்களின் சொல்லடைவில் 'தமிழர்' என்று மட்டும் தேடினால் ஒன்றிரண்டு பக்கம்தான் அகப்படும். 'கூலிகள்', 'சுதேசிகள்', 'ஆசியத் தொழிலாளர்', ஜப்பானியச் சொல்லான 'ரோமுஷா' எல்லாவற்றையும் பாருங்கள். மிக முக்கியமாக 'கே படை', 'எல் படை' என்ற பெயர்களை விடாதீர்கள். 1943இல் தொழிலாளர் முகாம்களில் வைத்தியம் பார்ப்பதற்கென்றே சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட கைதி மருத்துவர்களும் உதவியாளர்களும் அவர்கள். நம் ஆட்களைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

காலரா பகுதியை நிதானமாகப் படியுங்கள். 1943 மே, ஜூன் மழையில் அது முகாம் முகாமாகப் பரவியது. கைதிகளிடம் மருத்துவர் இருந்தார், தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே என்று தடுக்க அதிகாரி இருந்தார். பெரும்பாலான தொழிலாளர் முகாம்களில் அப்போது அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். ஒரே ஆற்றங்கரையில் சாவுக் கணக்கு இவ்வளவு வேறுபட்டதற்கு இது பெரிய காரணம். "உடம்பு பலமில்லாத இனம்" என்பதுபோல் எழுதியிருந்தால் அந்த வரியை நம்பாதீர்கள்.

———

வீட்டில் பெரியவர்கள் சொன்னதைப் புத்தகத்தோடு பொருத்த ஒரு வழி. "வாந்திபேதியில் போனார்" என்றால் பெரும்பாலும் 1943 மழைக்காலம். "குண்டு போட்டுப் பாலத்தை உடைத்தான், நாங்கள் திரும்பக் கட்டினோம்" என்றால் 1944 கடைசி முதல் 1945 வரை. பாதை முடிந்த பிறகும் பழுதுபார்க்கப் பலரை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். ஆண்டு 2602 என்று ஏதாவது தாளில் கண்டால் மிரள வேண்டாம், அது ஜப்பான் கணக்கில் 1942. முகாம் நாட்குறிப்பில் நேரம் டோக்கியோ நேரமாக இருக்கும்.

தாத்தா பாட்டியிடம் கேட்கும்போது தேதி கேட்காதீர்கள். எந்தத் தோட்டம், கிராணி (தோட்ட எழுத்தர்) யார், கங்காணி பெயரை எழுதிக்கொடுத்தாரா, லயத்திலிருந்து (தொழிலாளர் குடியிருப்பு) பிடித்துப்போனார்களா, வாழைமர நோட்டில் (ஜப்பான் கால ரூபாய்த் தாள்) சம்பளம் ஏதும் வந்ததா என்று கேளுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஜப்பான் காலத்தைப் பற்றித் தமிழில் பேசியவர்களின் குரலே இருக்கிறது. அங்கே பெயரைவிட ஊரையும் தோட்டத்தையும் வைத்துத் தேடினால் பலன் அதிகம்.

———

நாவல்களை விட்டுவிட்டீர்களே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இந்தப் பாதையைப் பற்றியே தமிழில் எழுதப்பட்டது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' சுமத்ராவின் மெடான், மலாயாவின் பினாங்கு பக்கத்து யுத்த காலத்தைச் சொல்வது. பேச்சு, சாப்பாடு, பயம், சந்தை நிலவரம் இவற்றுக்கு நாவலை நம்பலாம். தேதிக்கும் எண்ணிக்கைக்கும் வரலாற்று நூல்தான். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுகிறவர்கள் நாவலில் வந்ததை வேறு மையில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டும்போது எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போய்விடும், பிறகு அதுவே குடும்ப வரலாறாகப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிடும்.