பேஸ்பாலில் தோற்றால் மேனேஜர் (பிட்சரை எப்போது மாற்றுவது என்று முடிவெடுப்பவர்) தலைதான் உருள வேண்டுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தம்பாக்காரன்:
2020 வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடர்), எங்கள் தம்பா பே ரேஸ் அணிக்கும் டாட்ஜர்ஸுக்கும் ஆறாவது ஆட்டம். என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்கள் பிட்சர் (பந்து போடுபவர்) ஸ்னெல் 73 பந்துதான் போட்டிருக்கிறார், 9 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது), நாங்கள் 1-0 முன்னால். அடுத்து வர வேண்டிய டாட்ஜர்ஸ் பேட்டர்கள் பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் அன்று அவரிடம் ஆறு முறை வந்து ஆறு முறையும் ஸ்ட்ரைக்அவுட். அப்போது எங்கள் மேனேஜர் கெவின் கேஷ் அவரை எடுத்துவிட்டு ஆண்டர்சனைக் கொண்டுவர டக்அவுட்டிலிருந்து (அணி உட்காரும் இடம்) நடந்து வருகிறார். ஸ்னெல் வாய்க்குள் சொன்ன கெட்ட வார்த்தை டிவியிலேயே தெரிந்தது. அதையே நானும் சொன்னேன், சத்தமாக, பக்கத்தில் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததை மறந்து. ஆட்டத்தில் தோற்றோம், ஒரு வாரம் கேஷைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் ஆபீஸில் ஒரு டாட்ஜர்ஸ் ரசிகர், "அன்றைக்கு உங்கள் ஆட்கள் மொத்தம் எத்தனை ரன் எடுத்தார்கள்?" என்றார். ஒன்று. முதல் இன்னிங்ஸில் எங்கள் அரோசரேனா அடித்த ஹோம்ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது), அவ்வளவுதான். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

ஸ்கார்பரோ:
அண்ணை, எங்கள் டொராண்டோ ப்ளூ ஜேஸுக்கு 2023 பிளேஆஃப். மினசோட்டாவில் எங்கள் பிட்சர் பெரியோஸ் அருமையாகப் போட்டுக்கொண்டிருக்க, 47 பந்தில் மேனேஜர் ஷ்னைடர் அவரை எடுத்துவிட்டு கிகுச்சியைக் கொண்டுவந்தார். 2-0 தோல்வி, வீட்டுக்கு வந்தோம். முடிவெடுத்தது ஷ்னைடரா, மேலே உட்கார்ந்திருப்பவர்களா என்று இங்கே எல்லாக் கடையிலும் அதே பேச்சு. ஆனால் அன்றைக்கு ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நிற்க, எங்கள் கெரேரோ செகண்ட் பேஸில் பிக்ஆஃப் ஆனாரே (பேஸை விட்டு விலகி நின்று அவுட்), அப்போது என் மகள் கேட்டாள்: "அப்பா, இதுக்கும் மேனேஜர்தானா?" அந்தத் தொடரின் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து நாங்கள் எடுத்தது ஒரே ரன். அவளுக்குப் பதில் சொல்லாமல் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

பழைய பாஸ்டன்:
ரன் எடுக்கவில்லை என்பதெல்லாம் சரி, அதற்காக கேஷை விட்டுவிட முடியாது. ஆனால் நான் பார்த்தது நேர் எதிர். 2003, எங்கள் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு யாங்கீஸுடன் ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், 5-2 முன்னிலை. எங்கள் மேனேஜர் கிரேடி லிட்டில் மௌண்டுக்கு (பிட்சர் நிற்கும் மேடு) போனார், பிட்சர் பெட்ரோவிடம் பேசினார், அவரை மாற்றாமல் தனியாகத் திரும்பி நடந்தார். அந்த முதுகு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஹாஸ்டலில் ஒருவன் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டான். ஸ்கோர் சமமாகி, 11வது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் ஹோம்ரன், தோற்றோம். லிட்டிலுக்கு வேலை போனது. எடுத்தவரும் குற்றவாளி, எடுக்காதவரும் குற்றவாளி! பெட்ரோவே "முடியும்" என்று சொல்லும்போது யார் எடுப்பார்கள்?

ஆரஞ்சுப் பறவை:
2016 ஒயில்டு கார்டு (தோற்றால் வெளியே என்ற ஒற்றை ஆட்டம்), எங்கள் பால்டிமோர் ஓரியோல்ஸ் டொராண்டோவுடன். அந்த சீசனில் 47க்கு 47 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பது) எடுத்த எங்கள் பிட்சர் பிரிட்டனை மேனேஜர் ஷோவால்டர் கடைசிவரை இறக்கவே இல்லை, அவருக்குப் பதில் வந்த ஹிமேனஸ் பந்தில் டொராண்டோவின் என்கார்னாசியோன் அடித்த அடியில் எல்லாம் முடிந்தது. நான் ரிமோட்டை உடைத்தேன். இந்தப் பழி நியாயமானது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் தம்பிகளா, ஒன்று சொல்கிறேன். பிட்சரை மாற்றும் முன்பே "நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன்" என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். முடிவு தெரிந்தபிறகு எல்லோரும் மேதைதான். நான் இரண்டு வருடமாக எழுதுகிறேன், பாதி தடவை மேனேஜர் செய்ததையே எழுதியிருக்கிறேன், அதிலும் தோற்றிருக்கிறோம். அடுத்தது, ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும் பேட்டர்கள் பொதுவாக நன்றாக அடிப்பார்கள், கேஷ் பயந்தது அதற்குத்தான், பைத்தியக்காரத்தனம் இல்லை. அதற்கு ஆண்டர்சன்தானா ஆள் என்பது வேறு கேள்வி, அவர் அந்த மாதம் முழுக்க அடிவாங்கிக்கொண்டிருந்தார். புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) யார் எழுந்து வார்ம்அப் செய்கிறார்கள் என்று பார்க்கப் பழகுங்கள். தோற்ற இரவில் போனைத் தொடாதீர்கள். ரிமோட்டைத் தூரமாக வையுங்கள்.

ஸ்கார்பரோ:
எங்களிடம் யாரும் அறிவுரை கேட்கவில்லையே அண்ணை. அந்த 2016 ஆட்டத்துக்கு நான் எங்கள் டொராண்டோ மைதானம் ரோஜர்ஸ் சென்டரில் மேல் வரிசையில் இருந்தேன். "தேங்க்யூ ஷோவால்டர்" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். மன்னிக்கவும்.