துப்பாக்கி அலமாரியின் சாவி: வீட்டில் இன்னொருவருக்குத் தெரியலாமா?

வேளச்சேரி_தம்பு

அப்பா காலத்து 12 போர் டபுள் பேரல் (இரட்டைக்குழல்) துப்பாக்கி. அவர் போன பிறகு வேப்பேரி போலீஸ் கமிஷனர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து என் பெயருக்கு லைசென்ஸ் வாங்கினேன். படுக்கையறைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு அலமாரியில் துப்பாக்கி, பீரோவின் உள் லாக்கரில் தோட்டா. அதுவரை எல்லாம் சரி. கோட்டை விட்டது சாவியில்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். காலி அலமாரிக்கு என்ன காவல் என்று அதன் சாவியை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், வண்டிச் சாவியும் மொட்டைமாடிச் சாவியும் தொங்குகிற கொக்கியில் மாட்டிவிட்டேன். வாக்கு எண்ணிக்கை முடிந்து துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. சாவி மட்டும் கொக்கியிலேயே நின்றுவிட்டது. தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் எடுக்கப் போகிறேன், கண்ணில் படவே இல்லை.

போன வாரம் மொட்டைமாடிச் சாவியைத் தேடிய மகன் இதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "அப்பா, இது அந்த அலமாரி சாவிதானே? இங்க ஏன் தொங்குது?" என்று கேட்டான். பதினாலு வயது. எனக்கு அப்படியே வியர்த்துவிட்டது.

சாவியை எங்கே வைக்கிறீர்கள்? மனைவிக்கு இடம் தெரியலாமா, கூடாதா? வீட்டில் இதைப் பற்றி ஒரே பேச்சு. அவள் "எனக்குத் தெரிஞ்சே ஆகணும்" என்கிறாள்.

ஆவடி_ஹவில்தார்

தம்பி, பையன் எடுத்ததும் நேராக உங்களிடம் வந்து கேட்டிருக்கிறான். முதலில் அவனைக் கூப்பிட்டு முதுகில் தட்டிக்கொடுங்கள்.

ராணுவத்தில் ஆயுத அறையை 'கோத்' என்போம். எந்த ஆயுதம் வெளியே போனது, யார் கையெழுத்து போட்டார், எத்தனை மணிக்குத் திரும்பியது, எல்லாம் பதிவேட்டில் இருக்கும். சாவி பொறுப்பாளரை விட்டு ஓர் அடி நகராது. ஓய்வு பெற்ற பிறகு வங்கியில் கன்மேனாகப் பதினொரு வருடம் நின்றேன், சொந்த டபுள் பேரலோடு. அந்தப் பழக்கம் இன்றும் மாறவில்லை.

என் சாவி அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. கறுப்புக் கயிறு, அதில் சின்ன எஃகு வளையம். குளிக்கும்போதும் தூங்கும்போதும் இடுப்பை விட்டு இறங்காது. வியர்வையில் கயிறு இற்றுப்போகும், அதனால் பொங்கலுக்குப் பொங்கல் மாற்றிவிடுவேன். வீட்டுக்காரிக்கும் மகனுக்கும் கொடுத்ததில்லை. ஆயுதத்துக்கு ஒரு பொறுப்பாளர்தான் இருக்க முடியும். இரண்டு பேர் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை.

மயிலை_மீனா

ஐயா, நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்களைப் போலவே கட்டுப்பாடான மனிதர்தான் என் கணவரும். .32 ரிவால்வர் வைத்திருந்தார். சாவி எங்கே என்று இருபது வருடத்தில் ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லை. "உனக்கு எதுக்கும்மா அந்தக் கவலை" என்பார்.

மாரடைப்பு. காலையில் காபி குடித்தவர் மதியம் இல்லை.

காரியம் நடந்துகொண்டிருக்கும்போதே உறவினர் ஒருவர், லைசென்ஸ்காரர் போய்விட்டால் துப்பாக்கியைத் தாமதிக்காமல் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்றார். சாவியைத் தேடினோம். சட்டைப் பைகள், பூஜை அலமாரி, சில்லறை போடும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அவர் மேஜை, பரணில் இருந்த டிரங்குப் பெட்டி. பதினோரு நாள் தேடினேன் ஐயா. துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, நான் உள்ளே அவர் சட்டைகளை உதறிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வெல்டிங் பட்டறையிலிருந்து ஆள் வந்து கிரைண்டர் வைத்துக் கீலை அறுத்தார். வாசலில் ஒரு காவலர் நின்றார். தீப்பொறி பறக்கிறது. உள்ளே எத்தனை தோட்டா, ரிவால்வரில் குண்டு ஏற்றியிருக்கிறதா, எதுவுமே எனக்குத் தெரியாது. பேரனைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டேன். அவர் படத்துக்கு முன்னால் போட்டிருந்த கோலத்தின் மேல் இரும்புப்பொடி.

ஏழெட்டு மாதம் கழித்துச் சாவி கிடைத்தது. பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், வெல்வெட் துணிக்கு அடியில்.

தம்பு, உங்கள் மனைவி கேட்பது நியாயம். சொல்லிவிடுங்கள்.

மாம்பலம்_வக்கீல்

மீனா அக்கா, படித்ததும் மனசு கனத்தது. இருந்தாலும் தம்பு அவசரப்படக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

லைசென்ஸ் ஓர் ஆளுக்குக் கொடுப்பது, வீட்டுக்குக் கொடுப்பதில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைக் கையில் எடுக்க விடும் வாசல் மிகச் சிறியது. லைசென்ஸ்காரர் கூடவே இருக்க வேண்டும் அல்லது எழுத்தில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அதுவும் பழுது பார்க்க, லைசென்ஸ் புதுப்பிக்க, அவருடைய பயன்பாட்டுக்காக எடுத்துச் செல்ல, அவ்வளவுதான். 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், வசம் என்பது கையில் பிடித்திருப்பது மட்டுமல்ல என்று சொன்னது. ஆயுதம் இருப்பது தெரிந்து, அதன் மேல் அதிகாரமோ கட்டுப்பாடோ இருந்தால் அதுவும் வசம்தான். சாவியின் இடம் தெரிவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நினைத்த நேரத்தில் எடுத்துத் திறக்கிற மாதிரி சாவி மனைவி கையில் இருந்தால் நாளைக்குக் கேள்வி வரும், அந்தக் கேள்வி அவரைத்தான் நோக்கி வரும்.

2016 ஆயுத விதிகளின்படி, பாதுகாப்பாக வைப்பேன் என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் ஆயுதச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, 2000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். லைசென்ஸ் போவது தனி. பிரிட்டனில் இன்னும் கறார். சான்றிதழ் இல்லாதவர் மனைவியே ஆனாலும் சாவி அவருக்கு எட்டக்கூடாது என்றுதான் அங்கே போலீஸ் எதிர்பார்க்கும்.

அக்கா சொன்ன ஒப்படைப்பு 21ஆம் பிரிவு. ஸ்டேஷனில் கொடுக்கலாம், லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமும் கொடுக்கலாம்.

மயிலை_மீனா

சட்டம் சரி தம்பி. ஒப்படைக்கச் சொல்லும் சட்டம்தான் திறக்கவும் வழியில்லாமல் என்னை நிறுத்தியது. அதற்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்_நம்பர்லாக்

சாவியே வேண்டாமே! நம்பர் பூட்டுள்ள பெட்டகம் வாங்குங்கள். நான் நாலு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். எண் தலைக்குள் இருக்கும், யாரும் திருட முடியாது. கைரேகைப் பூட்டு மட்டும் வேண்டாம். மே மாத வியர்வையில் விரல் வைத்தால் ஐந்து தடவைக்கு ஒரு தடவைதான் திறக்கும்.

சைதை_ஆற்றோரம்

சார், அந்தப் பெட்டகத்தோடு பிளாஸ்டிக் கவரில் அவசரச் சாவி ஒன்று வந்திருக்குமே, அது இப்போது எங்கே இருக்கிறது?

2015 டிசம்பரில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நம்பர் பட்டன் பெட்டகம் தரையோடு இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பட்டனில் உயிரே இல்லை. பேட்டரிக் கூட்டுக்குள் சேறு. அவசரச் சாவியால்தான் திறந்தோம். துப்பாக்கிக் குழலுக்குள் துரு பூத்து, ஓராண்டுச் செலவு ஒரே வாரத்தில் போனது. சென்னையில் இருப்பவர்கள் அலமாரியைத் தரையிலிருந்து மூன்றடியாவது தூக்கிச் சுவரில் அடியுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். வாடகை வீடென்றால் சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார், அது வேறு தலைவலி.

ஓஎம்ஆர்_நம்பர்லாக்

உண்மையைச் சொல்கிறேன். இப்போதுதான் எழுந்து போய்ப் பார்த்தேன். அவசரச் சாவி, பெட்டகம் வந்த அட்டைப்பெட்டியில், வாரண்டி அட்டையோடு பரணில் இருந்தது. எண்ணும் மகளின் பிறந்தநாள். இன்றைக்கே மாற்றுகிறேன்.

பெசன்ட்நகர்_67

நீங்கள் எல்லாரும் துப்பாக்கி எதற்கு என்பதையே மறந்துவிட்டீர்கள். எனக்கு 67 வயது. மகன்கள் வெளிநாட்டில், வீட்டில் நானும் மனைவியும்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எவனாவது கதவை உடைத்தால் சாவியைத் தேடிக்கொண்டா இருக்க முடியும்? என் சாவி தலைமாட்டு மேஜை டிராயரில் இருக்கிறது. மனைவிக்கும் தெரியும். அதுவும் இல்லையென்றால் லைசென்ஸே வீண்.

திருவான்மியூர்_செல்வி

சார், உங்கள் பயம் பொய்யில்லை. தனியாக இருக்கும் பெரியவர்களின் பயம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த டிராயரை லீவுக்கு வரும் பேரப்பிள்ளையும் திறப்பான், வேலைக்கு வருகிறவர்களும் திறக்கலாம். இரண்டு மணிக்கு நீங்கள் கண்ணாடி தேடுவதற்குள் அது வேறொருவர் கையில் இருந்தால்?

நான் பள்ளியில் ஆலோசகர். இன்னொரு பயத்தையும் சொல்ல வேண்டும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. திருடனுக்காக மட்டும் பூட்டுவதில்லை. தேர்வு முடிவு வந்த அன்று, காதல் முறிந்த அன்று, அப்பாவோடு சண்டை போட்ட ராத்திரி, நம் பிள்ளைக்காகவும்தான் பூட்டுகிறோம். அந்த வேகம் பல நேரம் சில நிமிடத்தில் தணிந்துவிடும். கைக்கு எட்டாமல் இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். பூச்சிமருந்து விஷயத்தில் இதை நம் ஊரிலேயே செய்து பார்த்தார்கள். 1986இல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, கடலூர் மாவட்டக் கிராமங்களில் மருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்தது. பூச்சிமருந்துக்கே அப்படி என்றால் துப்பாக்கிக்கு?

தம்பு அண்ணா, பதினாலு வயது என்கிறீர்கள். அடுத்த நாலைந்து வருடம்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம்.

ஆவடி_ஹவில்தார்

செல்வி சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். இடம் ஒருத்தருக்குத் தெரிந்தால் நாலு பேருக்குத் தெரியும். பிள்ளைகள் அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். நகைச் சாவி புடவை மடிப்பில், பீரோ சாவி சாமி படத்துக்குப் பின்னால், இதெல்லாம் எந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாது?

மயிலை_மீனா

ஐயா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஆபரேஷனுக்கு முன்னால் அரைஞாணைக் கழற்றச் சொல்வார்களே. அப்போது சாவி யார் கையில் இருக்கும்?

ஆவடி_ஹவில்தார்

இரண்டு நாள் யோசித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அது நடந்துவிட்டது, அம்மா. இரண்டு வருடத்துக்கு முன் குடலிறக்க ஆபரேஷன். நர்ஸ் கயிற்றைக் கத்தரித்து, வளையத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெளியே நின்ற மருமகளிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறாள். என்ன சாவி என்றே அவளுக்குத் தெரியாது. மயக்கம் தெளிந்ததும் இடுப்பைத் தடவிப் பார்த்தேன். அந்த நிமிடம் பட்டது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனாலும் வீட்டில் இன்னொருவருக்கு இடம் சொல்வதை நான் ஒப்பவில்லை. அட்மிட் ஆகும் முன்பே துப்பாக்கியை வியாபாரியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். அது என் தவறு.

மயிலை_மீனா

நீங்கள் திறந்து சொன்னதற்கு நன்றி ஐயா. மாரடைப்பு தேதி சொல்லிவிட்டு வருவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

மாம்பலம்_வக்கீல்

அக்கா கேட்ட பதிலை யோசித்தேன். இரண்டாவது சாவியை உறையில் போட்டு, ஒட்டி, கையெழுத்திட்டு வங்கி லாக்கரில் வையுங்கள். லாக்கரை இருவர் பெயரில், 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில் எடுக்க வேண்டும். மனைவிக்கு லாக்கர் தெரியும், உறை தெரியும். ஆனால் வங்கி திறந்திருக்கும் நேரத்தில் போய், கையெழுத்துப் போட்டு, வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் எடுக்க முடியும். கோபத்தில் எடுக்கிற சாவி இல்லை அது. உறைக்குள் ஒரு தாளும் இருக்கட்டும்: துப்பாக்கி எண், தோட்டா எங்கே, எத்தனை, எந்த ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.

மயிலை_மீனா

தாளில் முதல் வரியாக 'குண்டு ஏற்றப்படவில்லை' என்று எழுதுங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

வேளச்சேரி_தம்பு

எல்லாருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன். சாவி இப்போது என் இடுப்பில். அரைஞாண் எனக்குப் பழக்கமில்லை, பெல்ட்டின் உள்பக்கம் தைத்த சின்னப் பை. ராத்திரி தலையணை உறைக்குள். இரண்டாவது சாவி வக்கீல் சொன்னபடி லாக்கரில். மனைவியையும் கூட்டிப்போய் உறையை ஒட்டும்போது பக்கத்தில் நிற்க வைத்தேன். தாளை அவளே எழுதினாள்.

மகனிடமும் பேசினேன். ஏன் பூட்டுகிறோம் என்று சொன்னேன், திருடன் கதையோடு நிறுத்தாமல் செல்வி சொன்னதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "உங்களுக்கும் சேர்த்துத்தானேப்பா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

ஆவடி_ஹவில்தார்

நல்லது தம்பி. பழைய பூட்டு?

வேளச்சேரி_தம்பு

புரியவில்லை, ஐயா.

ஆவடி_ஹவில்தார்

அந்தச் சாவி எத்தனையோ மாதம் கொக்கியில் தொங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்துபோனவர் எத்தனை பேர்? தெருமுனையில் சாவிக்காரர் அரம் வைத்து ராவி, பத்து நிமிடத்தில் இன்னொன்று கொடுத்துவிடுவார். நீங்கள் லாக்கரில் ஒட்டி வைத்தது அதே பூட்டின் சாவி.

வேளச்சேரி_தம்பு

இது தோன்றவே இல்லை. நாளைக் காலை பூட்டுக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். லீவர் பூட்டை முழுசாக மாற்றிவிட்டு, புதுச் சாவியோடு மறுபடி வங்கிக்குப் போகிறோம்.