இடிக்க ஆள் வைத்த அனுபவம்: மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்

நடுக்கடை:
கடையை இடித்து ஒன்றரை வருடமாகிறது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். நம் டவுனில் பழைய இரண்டு மாடிக் கடை வரிசை தெரியும்தானே, அதில் நடுவில் இருந்தது எங்களுடையது. மூன்று பேரிடம் விலை கேட்டோம். 68,000, 61,000, 29,000 வெள்ளி (ரிங்கிட்). எதை எடுத்திருப்போம் என்று சொல்லவா வேண்டும்? "ஒரு எக்ஸ்கவேட்டர், ரெண்டே நாள் அண்ணே" என்றார் குத்தகையாளர்.

முதல் நாள் காலை பத்து மணி. மாடி உத்தரத்தை எக்ஸ்கவேட்டர் பக்கெட்டால் பிடித்து இழுத்தார்கள். உத்தரத்தோடு சுவரும் வந்தது. தூசி அடங்கியதும் பார்க்கிறேன், அந்தப் பக்கம் முடிதிருத்தும் கடை. நாற்காலியில் ஒருவர், பாதி முகத்தில் சோப்பு நுரை. அவருடைய கண்ணாடி இருந்த இடத்தில் நான் நிற்கிறேன்! கடைக்காரர் கத்தியை அந்தரத்தில் பிடித்தபடி, "என்ன தம்பி இது?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். யாருக்கும் அடியில்லை, முருகன் புண்ணியம். சுவர், கண்ணாடி, அவர் கடை மூடிக் கிடந்த நாட்கள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 68,000ஐத் தாண்டிவிட்டது.

பழைய ஸ்டோர்:
உங்களுக்காவது போனது பணம். எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோர், செம்பனைக்கு மாறிய பிறகு சும்மா கிடந்ததை இடித்தார்கள். கூரை சாம்பல் நிற நெளித் தகடு. இரண்டு பையன்கள் மேலே ஏறிச் சுத்தியலால் உடைத்து உடைத்துக் கீழே தள்ளினார்கள். நான் மோட்டார் சைக்கிளில் போனவன் நின்று வேடிக்கை பார்த்தேன். சீட் முழுக்க மாவு போலத் தூள். கையால் தட்டிவிட்டு, அதே கையால் பொட்டலத்தைப் பிரித்து வடை தின்றேன். அந்த வடைதான் இன்றுவரை உறுத்துகிறது.

அது அஸ்பெஸ்டாஸ் என்று பிறகு என் அக்கா மகன் சொன்னான், அவன் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறான். தண்ணீர் அடித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக உடையாமல் இறக்க வேண்டுமாம். அந்தத் தூளுக்கும் நாருக்கும் 2005 கழிவு விதிமுறையில் எஸ்.டபிள்யூ. 201 என்று தனி எண்ணே இருக்கிறது. பிளாஸ்டிக்கில் கட்டி, உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். எங்கள் தகடு பாதி ஆற்றோரம் போனது. உடையாத மீதியைக் கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டு வாங்கிப் போனார். நோய் வந்தால் 20, 30 வருடம் கழித்துத்தான் தெரியுமாம். எனக்கு இப்போது 51.

22 வருட ஆப்பரேட்டர்:
நடுக்கடை அண்ணே, கோபிக்காதீர்கள், குற்றம் 29,000இல் இல்லை. 61,000 கேட்டவரும் அதே எக்ஸ்கவேட்டரைத்தான் இறக்கியிருப்பார். எப்படி இடிப்பீர்கள் என்று ஒருவரிடமாவது கேட்டீர்களா? அந்த மாதிரிக் கடைகளில் நடுச்சுவர் பொது. உங்கள் உத்தரமும் பக்கத்துக்காரர் உத்தரமும் ஒரே சுவரில் சொருகியிருக்கும். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது, சிமெண்ட் மாதிரி இறுக்கிப் பிடிக்காது. முதலில் ஓடு, அப்புறம் மாடிப் பலகை, எல்லாம் கையால் இறக்க வேண்டும். உத்தரத்தைச் சுவரிலிருந்து ஒரு முழம் விட்டு அறுக்க வேண்டும். முனை உள்ளேயே இருக்கட்டும். தளம் போனால் சுவருக்குப் பக்கத்துணை போய்விடும், அதனால் முன்னதாகவே முட்டு. எக்ஸ்கவேட்டர் கடைசியாக வர வேண்டிய ஆள்.

காங்கிரீட் கட்டடமானால் வேறு கதை. மினி எக்ஸ்கவேட்டரை உச்சிக்கு ஏற்றி மாடி மாடியாக இறங்கலாம், கீழ்த்தளங்களுக்கு முட்டு கொடுத்த பிறகு. உடைத்த கல்லைத் தளத்திலேயே குவித்தால் எல்லாம் சேர்ந்து இறங்கிவிடும்.

சிஐடிபி, அதாவது கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பதிவைக் காட்டினார் என்று மயங்கவும் வேண்டாம். எவ்வளவு பெரிய வேலை எடுக்கலாம் என்றுதான் அதில் இருக்கும்: ஜி1 என்றால் சின்ன வேலைதான், ஜி7 என்றால் வரம்பே இல்லை. இடிக்கத் தெரியுமா என்று அது சொல்லாது. நகராண்மைக் கழக அனுமதி, மின்சாரம் தண்ணீர் துண்டித்த கடிதம், பக்கத்துக் கடையில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைத் தேதியோடு எடுத்த படம், இதெல்லாம் கைக்கு வராமல் கூரையிலிருந்து ஒரு ஓடுகூட இறக்க விடாதீர்கள்.

என் அனுபவமா? தாப்பா பக்கம் ஒரு கடையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த சுவரைக் குத்திவிட்டேன். பக்கெட் நுனியில் நீலமாக ஒன்று சீறியது. துண்டித்தாயிற்று என்று முதலாளி சொன்னதை நம்பினேன்.

பலகைக்கடை மகள்:
எல்லோரும் இடித்ததையே பேசுகிறீர்கள். இடித்ததை யார் கொண்டுபோனார்கள்? அப்பாவின் மளிகைக் கடைக்குப் பலகைக் கதவு, மொத்தம் பன்னிரண்டு. மாற்றிச் சொருகிவிடக் கூடாதென்று அப்பா ஒவ்வொன்றிலும் தமிழ் எண்ணில் எழுதி வைத்திருந்தார். குத்தகையாளர் "குப்பையெல்லாம் நானே அள்ளிக்கொள்கிறேன்" என்றார், நாங்களும் நல்ல மனுஷன் என்று நினைத்தோம். இரவோடு இரவாகச் செங்கால் மர உத்தரம், ஓடு, பலகை எல்லாம் லோரி ஏறிவிட்டது.

போன தீபாவளிக்கு ஈப்போவில் ஒரு காப்பிக் கடைக்குப் போனோம். சுவரில் அலங்காரமாக ஒரு பலகை. அப்பா ௭ என்று எழுதிய ஏழாம் பலகை. தலைகீழாக மாட்டியிருந்தார்கள். தம்பி திருப்பி மாட்டச் சொல்லலாமா என்று கேட்டான். நான் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேனோ!

22 வருட ஆப்பரேட்டர்:
அதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும் தங்கச்சி. மரம், இரும்பு, ஓடு யாருக்கு, அதற்காக விலையில் எவ்வளவு கழிப்பது என்று. பழைய செங்காலுக்கு நல்ல விலை உண்டு, சிலர் அதை நம்பித்தான் குறைந்த விலையே போடுகிறார்கள்.

பழைய ஸ்டோர்:
அண்ணே, அந்தப் பிள்ளை பலகையைப் பற்றிப் பேசுகிறது, நீங்கள் விலையைச் சொல்கிறீர்கள்.

நடுக்கடை:
ஆப்பரேட்டர் சொன்னது சரி, நான் கேட்கவில்லை. விலையை மட்டும்தான் கேட்டேன். முடிதிருத்துபவர் கடையைத் திறந்துவிட்டார். போன வாரம் முடி வெட்டப் போனேன், பழைய காசுதான் வாங்கினார். கண்ணாடியை மட்டும் எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டார்.