ஐந்து வெள்ளிக் காசுகள்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை 10:12

அகமதாபாத் அக்கா: பெரிய மாமா, இருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக்கார அம்மாவின் மாமியார் பெட்டியில் ஐந்து காசுகள் இருந்தன. பழைய வெள்ளி வாங்கும் கடையில் உருக்கும் விலைதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்களாம். படம் அனுப்புகிறேன்.

அகமதாபாத் அக்கா: [5 படங்கள்]

பெரிய மாமா: இருக்கிறேன் கண்ணு. முதலில் இதைச் சொல். யாராவது புளி போட்டுத் தேய்த்தீர்களா?

அகமதாபாத் அக்கா: இல்லை மாமா. வீட்டுக்கார அம்மா சாம்பல் எடுத்தார். நான் தடுத்துவிட்டேன்.

பெரிய மாமா: நல்லது செய்தாய். மேலே படிந்திருக்கும் கருமையை யாரும் தொட வேண்டாம். உருக்கவும் வேண்டாம். இவற்றில் நான்கு, குஜராத்திலும் மாளவத்திலும் ராஜஸ்தானிலும் ‘கதையா பைசா’ என்று சொல்லும் வகை. ஆயிரம் ஆண்டு வயது இருக்கலாம். ஐந்தாவது வேறு மாதிரி தெரிகிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

தம்பி: மாமா, நான்கிலும் எழுத்தே இல்லையே. புள்ளியும் கோடும்தான் இருக்கின்றன. எந்த அரசர் காசு என்று எப்படிச் சொல்வது?

பெரிய மாமா: எந்த அரசர் என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. பெயர் இல்லாத காசுக்கு ஆசைப்பட்டு ஓர் அரசர் பெயரை ஒட்டிவிடுகிறவர்கள்தான் இந்தத் துறையைக் கெடுக்கிறார்கள். என்ன வகை, எந்தப் பகுதி, ஏறத்தாழ எந்தக் காலம் என்பதை நேர்மையாகச் சொல்ல முடிந்தால் போதும்.

பெரிய மாமா: இரண்டாவது காசின் படத்தை வலப்பக்கமாகக் கால் சுற்று திருப்பிப் பார். நீண்ட கோடு மூக்கு. அதன் மேல் முனையருகே இருக்கும் உருண்டை கண். பின்னால் முத்து கோத்தது போல் வருவது மகுடமும் முடியும். வலப்பக்கம் பார்க்கும் ஓர் ஆண் முகம்.

அம்மா: அண்ணா, இப்போது தெரிகிறது! சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது.

பெரிய மாமா: அந்த முகம் பாரசீக மன்னன் பெரோஸின் முகம். சாசானிய வம்சம். கி.பி. 459 முதல் 484 வரை ஆண்டவன். ஹெப்தலைட்டுகளுடன், அதாவது நம் நூல்கள் ஹூணர் என்று சொல்லும் கூட்டத்தாருடன், போரிட்டுச் சிறைப்பட்டான். மீட்புப் பணமாக மலைமலையாக வெள்ளிக் காசு தர வேண்டியிருந்தது. முழுவதும் தர முடியாமல் மகன் கவாத்தைப் பிணையாக விட்டான். மீண்டும் போருக்குப் போய் 484-இல் களத்திலேயே இறந்தான். அந்த வெள்ளி ஹூணர் கைக்கு வந்தது. அவர்கள் வழியாக வடமேற்கு இந்தியாவுக்கும் வந்தது. பார்த்துப் பழகிய காசை இங்கே நகலெடுக்கத் தொடங்கினார்கள்.

நான்: அப்படியென்றால் பின்பக்கம் இருப்பது?

பெரிய மாமா: நெருப்புப் பீடம். அசல் காசில் நடுவே பீடம், மேலே சுடர், இரு பக்கமும் காவலாக இருவர், சுடரின் ஒரு பக்கம் நட்சத்திரம், மறுபக்கம் பிறை. நகலுக்கு நகல், அதற்கும் நகல் என்று சில நூற்றாண்டுகள் போன பின் பீடம் அடுக்குக் கோடுகளாகிவிட்டது. காவலர் புள்ளி வரிசையாகிவிட்டார்கள். அச்சு வெட்டியவருக்கு அது நெருப்பு என்றே தெரிந்திருக்காது. ஆனால் கோடு எந்த இடத்தில் வர வேண்டும் என்பதில் தவறவே இல்லை. அதைத்தான் நான் வியந்து பார்க்கிறேன்.

பெரிய மாமா: இன்னொன்று. பெரோஸின் காசு அகலமானது, மெல்லிய தகடு. குறுக்களவு 25 மில்லிமீட்டருக்கு மேல், எடை சுமார் 4 கிராம். நகல்கள் வரவரச் சிறுத்துத் தடித்தன. நீ அனுப்பியவை 15 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். எடை பார்த்துச் சொல். தெருவில் நகைக்கடை இருந்தால் அந்தத் தராசு போதும்.

காலை 11:40

அகமதாபாத் அக்கா: எதிர்க்கடைக்காரர் எடை போட்டுத் தந்தார் மாமா. வரிசையாக 4.1, 4.2, 4.0, 2.9. ஐந்தாவது 3.9 கிராம். முதல் நான்கும் 15 மில்லிமீட்டர், கடைசி 19.

தம்பி: பாதி அகலத்துக்குச் சுருங்கியும் அதே 4 கிராமா!

பெரிய மாமா: அதுதான் தம்பி! முகம் அழிந்துவிட்டது, அதனால் வணிகமும் அழிந்துவிட்டது என்று முன்பு பலர் எழுதினார்கள். அச்சின் அழகை வைத்துப் பொருளாதாரத்தை எடை போடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். சந்தைக்காரர் கேட்டது பழகிய தோற்றமும் நம்பத்தக்க எடையும்தான். சோலங்கி அரசர்கள் பாட்டன் நகரிலிருந்து குஜராத்தை ஆண்ட காலத்தில், கடல் வணிகம் செழித்த அந்த நாட்டில், இவைதாம் கைமாறின.

பெரிய மாமா: ஆனால் எடை ஒன்றாக இருந்தாலும் வெள்ளி ஒன்றாக இருக்காது. பிற்காலக் காசுகளில் செம்பு ஏறிக்கொண்டே போகும். கடைக்காரரிடம் இன்னொரு உதவி கேள். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கச் சொல். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீரில் முழுக விட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண்ணை எழுதி அனுப்பு. முதல் மூன்றுக்கும் செய்தால் போதும். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடு, தேய்க்காதே.

பிற்பகல் 12:25

அகமதாபாத் அக்கா: முதல் காசு 0.42. இரண்டாவது 0.41. மூன்றாவது 0.45. கடைக்காரரும் ஆர்வமாகிவிட்டார்.

பெரிய மாமா: தம்பி, அந்த எண் காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி வரும், வகுத்துச் சொல்.

தம்பி: 9.8, 10.2, 8.9.

பெரிய மாமா: தூய வெள்ளிக்கு 10.5 வரும். செம்புக்கு 9-க்குச் சற்றுக் கீழே. ஆக இரண்டாவது நல்ல வெள்ளி, முதலாவது கலப்பு, மூன்றாவதில் வெள்ளி மிகக் குறைவு. இப்போது படங்களைப் பார். முகம் தெளிவாக இருப்பது எது?

தம்பி: இரண்டாவது! மூன்றாவதில் மூக்கே வெறும் குச்சி.

பெரிய மாமா: உருவமும் உலோகமும் ஒரே வரிசையைச் சொல்கின்றன. இரண்டாவது மூத்தது, பிறகு முதலாவது, மூன்றாவது கடைசி. ஒரு சான்றை மட்டும் வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். மோசமான அச்சு வெட்டுபவர் எந்தக் காலத்திலும் இருந்திருப்பார். இப்படிச் சிறு காசில் 0.01 கிராம் பிழை வந்தாலும் விடை நகரும். அதனால் இத்தனை சதவீதம் வெள்ளி என்று எழுத வேண்டாம்.

நான்: நான்காவது ஏன் 2.9 மட்டும் இருக்கிறது?

பெரிய மாமா: அதுதான் என்னை உறுத்துகிறது. கண்ணு, அதன் விளிம்பை மட்டும் வெளிச்சத்தில் படம் எடு.

அகமதாபாத் அக்கா: [படம்] சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. மேலே ஊசி குத்தியது போல் சிறு குழிகள்.

பெரிய மாமா: வார்ப்பு, அதாவது உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்தது. ஊற்றும் வார்ப்பச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அந்தக் கோடு, குழிகள் காற்றுக் குமிழி. அசல் கதையா காசுகள் அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடிக்கப்பட்டவை, இப்படி வராது. அதைத் தனியாக வைத்துவிடு.

அம்மா: அண்ணா, ஐந்தாவதைச் சொல்லவே இல்லையே. எனக்கு அதில் பன்றி முகம் தெரிகிறது.

பெரிய மாமா: சரியாகப் பார்த்தாய் தங்கச்சி. மனித உடல், பன்றி முகம், வலப்பக்கம் நோக்கி நிற்கும் கோலம்.

அம்மா: ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர்தானே! பெருமாளே.

பெரிய மாமா: அதே அவதாரம். கன்னோஜிலிருந்து ஆண்ட பிரதிகாரப் பேரரசன் மிகிர போஜனின் காசு. 9-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 885 வாக்கில் வரை ஆண்டவன். ஆதிவராகன் என்பது அவன் விருதுப் பெயர். பின்பக்கம் இரண்டு வரி நாகரி எழுத்து இருக்கும், ‘ஸ்ரீமத் ஆதிவராஹ’. உன் படத்தில் ‘மதாதி’ வரை தெரிகிறது. எழுத்துக்குக் கீழே பாருங்கள்.

தம்பி: கோடுகள்... அதே நெருப்புப் பீடமா?!

பெரிய மாமா: அதேதான்! முகத்தை எடுத்துவிட்டு வராகரை வைத்தான், பின்பக்கத்தில் தன் விருதைப் பொறித்தான், ஆனாலும் பீடத்தின் மிச்சத்தை விடவில்லை. லலித்பூர் பக்கம் சியாதோணி கல்வெட்டில் ‘ஆதிவராக திரம்மம்’ என்று இந்தக் காசே பெயரோடு வருகிறது; திரம்மம் என்றால் வெள்ளிக் காசு. காசும் கல்லும் ஒன்றையொன்று உறுதி செய்யும் இடம் நமக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

நான்: இதை அரசாங்கத்திடம் தெரிவிக்க வேண்டாமா மாமா?

பெரிய மாமா: மண்ணில் புதைந்து கிடைத்திருந்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லியே ஆக வேண்டும். இது குடும்பப் பெட்டி. மாமியாருக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டாயா? அந்த ஒரு தகவல் காசைவிடப் பெரியது.

பிற்பகல் 1:05

அகமதாபாத் அக்கா: கேட்டேன். மாமியாரின் பிறந்த வீடு மெஹ்சானா பக்கம். அங்கிருந்து கொண்டுவந்ததாம். விற்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். எப்படி வைப்பது என்று கேட்கிறார்.

பெரிய மாமா: ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடச் சொல். மலிவான பிளாஸ்டிக் வேண்டாம், நாளடைவில் உலோகத்தைக் கெடுக்கும். உறை மேல் பென்சிலால் எழுது. ஐந்தாவதற்கு இப்படி: ‘ஆதிவராக திரம்மம், பிரதிகாரர், மிகிர போஜன் வகை. 3.9 கிராம், 19 மி.மீ. மெஹ்சானா பக்கத்துக் குடும்பத்தில் இருந்தது.’ முதல் மூன்றுக்கும் ‘கதையா வகை, அரசர் பெயர் இல்லை’ என்று எழுதி, எடையோடு நீரில் காட்டிய எண்ணையும் சேர். நான்காவதில் ‘வார்ப்பு’ என்று மட்டும் போதும்.

அகமதாபாத் அக்கா: எழுதிக்கொண்டிருக்கிறேன் மாமா. அவர் பக்கத்திலேயே நின்று குஜராத்தியிலும் எழுதச் சொல்கிறார்.

பெரிய மாமா: கட்டாயம் எழுது. எழுதி முடித்ததும் ஐந்தாவதன் பின்பக்கத்தை, விளக்கைச் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் எடு. ‘வராஹ’ இருக்கும் கீழ் வரியை நான் முழுதாகப் படிக்க வேண்டும்.